ஊசிக்கு வைத்த பொட்டு

போன மாதம் என் மருமகள் ஒரு பழைய தையல் மிஷினை வாங்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தாள். கையால் சுற்றுகிற கறுப்பு மிஷின். கழுத்தில் தங்கநிறப் பூவேலை பாதி அழிந்திருந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவளுக்குப் பொழுது போகவில்லை. "பழசுக்குத்தான் அத்தை இப்போ மவுசு" என்றாள். "அப்படின்னா என்னையும் துடைச்சு ஒரு மூலையில வையி" என்றேன்.

அறுபதைத் தொடப்போகிற என் மகன், ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டே அதற்கு ஊசி மாட்டினான். மருமகள் சுற்றினாள். நாலு தையல் விழுந்தது, நூல் பட்டென்று அறுந்தது. மறுபடி கோத்தாள், மறுபடி அறுந்தது. "பழைய இரும்பை வாங்கிட்டு வந்து எங்கழுத்தை அறுக்காதே. உனக்கு வராத வேலை இது" என்று அவன் எழுந்து போனான். மருமகள் முகம் சுண்டிப்போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கா வாய் இல்லை? என்ன கோளாறு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் ஊசி விஷயத்தில் ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டு இன்றுவரை வருத்தப்படுகிறவள் நான். அந்தக் கதையை என் வயசுக்காரர்களாகிய உங்களிடம்தான் சொல்ல முடியும். சின்னவர்களுக்கு, ஒரு கை ராசியில்லாத கை என்று சொன்னால் அது எம்புட்டுப் பெரிய தண்டனை என்பது புரியாது.

அப்போது நாங்கள் பழங்காநத்தத்தில் இருந்தோம். இன்றைக்கு அங்கே ரோட்டைக் கடக்க ஒருத்தர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டைத் தாண்டினால் வயல்தான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரெல்லாம் பேச்சு. அரிசிக்கும் தட்டுப்பாடு, துணிக்கும் தட்டுப்பாடு. எனக்கு ஒன்பது வயசு. இருந்த இரண்டு பாவாடையில் ஒன்றைத் துவைத்துப் போட்டால் மற்றொன்றைக் கட்டிக்கொள்வேன்.

அந்த ஆடி மாதத்தில் ஒருநாள் என் அத்தை, அய்யாவோடு கூடப் பிறந்த ஒரே தங்கச்சி, ஒரு தகரப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆறு வருசமாகியும் பிள்ளை இல்லை. அதோடு நின்றிருந்தால்கூட சமாளித்திருப்பாள். அவள் தண்ணீர் ஊற்றிய பாத்தியில் ஒரு மழைக்காலத்தில் கொடியெல்லாம் அழுகிப்போனது. அந்த வருசம் மழை அப்படிப் பேய்ந்தது, பக்கத்துக் கொடிக்காலும்தான் அழுகியது. ஆனால் பழி அத்தை கைமேல் விழுந்தது. 'இவ கை பட்டாக் கொடி அழுகுது' என்று சொல்லி, அவளைக் கொடிக்கால் பக்கம் வரவிடாமல் செய்தார்கள். பிறகு அவள் புருசன் இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டான்.

வந்த நாளிலிருந்து அத்தை இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே இருந்தாள். குளிராவது ஒன்றாவது, ஆடி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் கையை வெளியே எடுக்க மாட்டாள். அய்யா வெற்றிலை கேட்டால் பெட்டியோடு தள்ளி வைப்பாள். ஒரு வெற்றிலையைக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டாள். அவளிடம் வெற்றிலை வாசம் இருந்தது, சேலையிலும் தலையிலும். ராத்திரி அவள் பக்கத்தில்தான் படுப்பேன்.

அந்தக் கை சும்மா கையில்லை. ஊசியும் நூலும் கிடைத்தால் போதும், எறும்பு ஊர்கிற மாதிரி தைப்பாள். என் பாவாடைக் கிழிசலை அவள் தைத்த இடம் எதுவென்று என் அம்மா விளக்குப் பிடித்துத் தேடினாள். அதைப் பார்த்துத்தான் அய்யாவுக்கு யோசனை வந்தது. "ரவிக்கை தைக்க டவுனுக்குப் போறாளுகளே நம்ம தெருப் பொம்பளைக. ஆம்பள டேப் வெச்சு அளக்க வெக்கப்பட்டுக்கிட்டு, பழைய ரவிக்கையை அளவுக்குக் குடுத்துட்டு வாராளுக. இவளுக்கு ஒரு மிஷின் வாங்கிப் போட்டா என்ன?" என்றார்.

"வாங்கலாமே, மிஷின் என்ன கத்திரிக்காயா?" என்றாள் அம்மா. அவள் சொன்னதும் நியாயம்தான். சண்டையால் கப்பல் வரவில்லை, புது மிஷின் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கைமாறுகிற பழைய மிஷினுக்கே ஆள் காத்துக் கிடந்தார்கள். அய்யா ஊரெல்லாம் சொல்லிவைத்து, கடைசியில் டவுனில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் ஒரு தையற்கார பாய் வீட்டில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. எங்கள் செவலைக் கன்று சந்தைக்குப் போயிற்று. நான் அன்றைக்கு முழுதும் அழுதேன்.

அய்யா என்னையும் கூட்டிக்கொண்டு போனார், காரணமாகத்தான். மிஷின் அந்த பாயினுடையது இல்லை, அவர் வீட்டம்மாவினுடையது. அந்தம்மா திரைக்கு வெளியே வர மாட்டார், அய்யா உள்ளே போக முடியாது. அம்மா வர மறுத்துவிட்டாள், அத்தை தெருவில் இறங்கவே மாட்டாள். ஆகவே மிஷினைப் பார்த்து வாங்குகிற பெரிய மனுஷி நான்.

பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். எண்ணெய் வாசமும் அத்தர் வாசமும் கலந்து அடித்தது. பாய் வீட்டம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. அதனால்தான் மிஷினைக் கொடுக்கிறார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கிண்ணத்தில் ஓட்டுமா கொடுத்தார். வறுத்த அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது. வாயில் போட்டால் பொலபொலவென்று உதிரும், சிரித்தால் போச்சு, புரையேறிவிடும். அந்த மாதிரி ருசியை நான் அதுவரை கண்டதில்லை.

"யாரு புள்ள தைக்கப்போறா? ஆம்பளைக்கின்னா குடுக்க மாட்டேன்" என்றார்.

"எங்க அத்தை. ஆனா அவங்க கை ராசியில்லாத கையாம்" என்று நான் பொட்டென்று சொல்லிவிட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அய்யா இருமினார். பாய் வீட்டம்மா ஓட்டுமாக் கிண்ணத்தை என் பக்கம் இன்னும் நகர்த்தினார். பிறகு, "யா அல்லா! கையின்னா ஒண்ணு வேலை செய்யும், இல்லேன்னா செய்யாது. அதுல ராசி எங்கருந்து வந்துச்சு?" என்றார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார், கொடிக்கால் கதையையும் சேர்த்துத்தான். அந்த வயசில் எனக்கு எதை அடக்குவது என்று தெரியாது. இப்போது மட்டும் தெரியுமா என்று என் மருமகள் கேட்பாள்.

மிஷினைக் கொடுக்கிறபோது அதில் இருந்த ஊசியைக் கழற்றித் தன் முக்காட்டுத் துணியில் குத்திக்கொண்டார். "மிஷினைக் கைமாத்தலாம், ஊசியைக் கைக்குக் கை மாத்தக் கூடாது. உறவு அறும். எங்க வீட்டு வழக்கம்" என்றார். ஒரு புது ஊசியைத் தாளில் மடித்துத் தரையில் வைத்து என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "மாட்டத் தெரியலேன்னா வந்து கேக்கச் சொல்லு உங்கத்தாவை, அதான் உங்கய்யாவை. வெக்கப்பட வேணாம்னு சொல்லு."

வெளியே வந்ததும் அதை அப்படியே அய்யாவிடம் ஒப்பித்தேன். அய்யா சிரித்தார். "கிணத்துல தண்ணி இறைக்கிற கமலைச் சக்கரத்தையே கழட்டி மாட்டுறவன் நான். ஒரு ஊசி மாட்ட எனக்குத் தெரியாதாக்கும்!" துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, மரப்பெட்டியோடு மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். ஊசிப் பொட்டலம் என் உள்ளங்கையில். டவுனிலிருந்து பழங்காநத்தம் வரைக்கும் நான் அந்தக் கையைத் திறக்கவே இல்லை. வழியில் கால் இடறி விழுந்தபோதுகூட மற்றக் கையைத்தான் ஊன்றினேன்.

வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, அய்யா குளித்து நீறு பூசிக்கொண்டு வந்து ஊசியை மாட்டினார். உதட்டைக் குவித்துக்கொண்டு, என்னமோ கோயில் கலசத்தை ஏற்றுகிற மாதிரி. தெருப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா தன் மகள் வளைகாப்புக்கென்று வைத்திருந்த ரவிக்கைத் துணியையே கொண்டுவந்திருந்தாள். ஏழு பிள்ளை பெற்று ஏழையும் நோய் நொடியில்லாமல் வளர்த்தவள். எங்கள் தெருவில் நாற்று நட முதல் கை, உலை வைக்க முதல் கை, பிறந்த பிள்ளை நாக்கில் சேனைத் தண்ணி தொட்டு வைக்க முதல் கை எல்லாம் அவளுடையதுதான். அப்பேர்ப்பட்ட கைராசிக்காரி.

அத்தை முந்தானையிலிருந்து கையை எடுத்து மிஷினின் பிடியைப் பிடித்தாள். மூன்று தையல். நூல் அறுந்தது.

"நூல் மட்ட நூல்" என்றார் அய்யா. வேறு நூல் போட்டார்கள், அறுந்தது. "எண்ணெய் பத்தல" என்றார். எண்ணெய் விட்டார்கள், தையல் விழவே இல்லை, துணிக்கு அடியில் நூல் கூடு கட்டியது. "பலகை ஆடுது" என்றார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஊசியைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. அய்யா மாட்டிய ஊசியாயிற்றே!

அடுத்தடுத்த நாளும் அப்படித்தான். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார்கள், மிளகாய் சுற்றிப் போட்டார்கள், மிஷினை வடக்கே பார்த்து வைத்தார்கள், பிறகு கிழக்கே. பெரியம்மா ஒருநாள் வந்து, தன் ரவிக்கைத் துணியை மெதுவாக மடித்து எடுத்துக்கொண்டாள். "பரவாயில்லத்தா, அடுத்த தடவை பார்ப்போம்" என்றாள். திட்டியிருந்தால்கூட அத்தைக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்றைக்கு அவள் கை மறுபடி முந்தானைக்குள் போயிற்று.

"பாய் வீட்டம்மாகிட்டப் போய்க் கேப்போம்யா" என்று நான் சொன்னேன். ஒரு தடவையில்லை, நாலு தடவை. நாலாவது தடவை அய்யா முறைத்த முறையில் எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. ஒரு பொம்பளையிடம் போய், ஊசி மாட்டத் தெரியவில்லை என்று அவர் எப்படிக் கேட்பார்?

ஆனாலும் அத்தை தினமும் மிஷினைத் துடைத்து, நூல் போடாமல் சும்மா சுற்றிப் பார்ப்பாள். டக்கு டக்கு என்று அது பாட்டுக்கு ஓடும். "இது என்னைய மாதிரிதான் புள்ள" என்றாள் ஒருநாள். "பார்த்தா ஒரு குறையும் தெரியாது." அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் சோழவந்தானிலிருந்து அத்தையின் மாமனார் வந்தார். கையில் ஒரு கட்டு வெற்றிலை. இரண்டாம் தாரத்துக்காரி உண்டாகியிருக்கிறாளாம். தண்ணீர் எடுக்க, அடுப்படி பார்க்க ஆள் வேண்டுமாம். "கொடிக்காப் பக்கம் வரக் கூடாது. மத்தபடி ஒரு ஓரமா இருந்து கஞ்சி குடிச்சுக்கட்டும். வாழ வந்த வீடுதானே" என்றார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அய்யா தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "விஜயதசமியன்னைக்கு வாங்க மாமா. அதுக்குள்ள அவ கைக்குன்னு இங்க ஒரு வேலை அமைஞ்சா இருக்கட்டும். இல்லேன்னா அனுப்பி வைக்கிறேன்."

அன்று ராத்திரி அம்மாவும் சாப்பிடவில்லை. அம்மாவை நான் கொடுமைக்காரி என்று நினைத்திருந்தேன். நாத்தனார் போனால் போதும் என்று இருப்பாள் என்று. ஆனால், "அந்த வீட்டுக்கு ஒரு மாட்டை அனுப்பக்கூட எனக்கு மனசு வராது" என்று அவள் அய்யாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பொரிகடலை வாங்கி வருகிறேன் என்று காலையில் டவுனுக்குப் போன அய்யா, பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பினார். பொரியும் இல்லை, கடலையும் இல்லை. "கடையில கூட்டம்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என்னை மட்டும் தொழுவத்துப் பக்கம் கூப்பிட்டு, துண்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஓட்டுமா! "கடையில வித்தாக, தின்னு தாயி" என்றார். நான் பக்பக்கென்று தின்றேன், புரையேறியது, முதுகில் தட்டிக்கொடுத்தார். எந்தக் கடையில் ஓட்டுமா விற்றார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ருசியில் அறிவு மழுங்கிவிட்டது, வேறென்ன?

பூஜையில் கலப்பை, மண்வெட்டி, அரிவாள்மனை எல்லாவற்றோடும் மிஷினும் இருந்தது. மறுநாள் விஜயதசமி. காலையிலேயே மாமனார் வில்வண்டியோடு வந்துவிட்டார். அத்தையின் தகரப் பெட்டி கட்டி வைத்தாயிற்று. தெருப் பெண்கள் வழியனுப்ப வந்தது போலவும் வேடிக்கை பார்க்க வந்தது போலவும் நின்றார்கள்.

"பூஜையில வெச்ச ஆயுதத்தை இன்னைக்கு எடுத்துத் தொழில் செய்யணும்ல" என்றார் அய்யா. "மிஷினையும் ஒரு சுத்து சுத்திடுவோம். ராசியான கை முதல்ல சுத்தட்டும். நம்ம எதிர்வீட்டுப் பெரியம்மாவை விட்டா யாரு இருக்கா?"

அத்தை தலை குனிந்துகொண்டாள். எனக்கு அய்யா மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. போகிற நாளில்கூட அவளை இப்படிச் சபையில் வைத்துத் தாழ்த்த வேண்டுமா?

பெரியம்மா பெருமையாக உட்கார்ந்து பிடியைச் சுற்றினாள். இரண்டு தையல். பட்டென்று அறுந்தது. "அடியாத்தே! எங்கைக்கும் இதே கதியா!" என்று பெரியம்மாவே வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"பொட்டு வைக்காமச் சுத்துனா எப்படிச் சுத்தும்? நாந்தான் மறந்துட்டேன். தாயி, சந்தனக் கிண்ணத்தைக் கொண்டா" என்றார் அய்யா.

நான் கிண்ணத்தோடு பக்கத்தில் போய் நின்றேன். அய்யா கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிஷின் மேல் குனிந்தார். சக்கரத்துக்குப் பொட்டு, கழுத்துக்குப் பொட்டு. அப்புறம் ஊசிக்கு. அங்கே மட்டும் நெடுநேரம் ஆனது. சந்தனம் தோய்ந்த கட்டைவிரல் நகத்தால் ஊசிக்கு மேலே இருந்த சின்னத் திருகை என்னமோ செய்தார். அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை மிஷின் மேல் விழுந்தது. நூலையும் அவரே கோத்தார். ஊசிக்கும் பொட்டு வைக்கிறார் அய்யா, எம்புட்டுப் பக்தி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து, "ஆத்தா, நீ வா" என்று தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"வேணாம்ணே."

"வா. நான் சொல்றேன்ல."

அத்தை வந்து உட்கார்ந்தாள். கையை வெளியே எடுத்தாள். சுற்றினாள். மூன்று தையல், நாலு, பத்து. சத்தமே மாறிவிட்டது. துணி அவள் கைக்கு அடியில் நகர்ந்து நகர்ந்து போயிற்று, அதன் மேல் எறும்பு வரிசை ஒன்று கோணாமல் போனது. துணியின் கடைசி வரைக்கும் போய், துணி தீர்ந்த பிறகும் அத்தை சுற்றிக்கொண்டே இருந்தாள்.

முதலில் கத்தியது பெரியம்மாதான். "ஏத்தா! இந்த மிஷின் உன் ஒருத்தி கைக்குத்தான்டி கட்டுப்படுது! எங்கைக்கே மசியலையே!" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடி, அந்த வளைகாப்பு ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து அத்தை மடியில் போட்டாள். பெரியம்மா வாயால் சொன்னால் எங்கள் தெருவுக்கு அது வேதம். அதன்பிறகு நின்ற பெண்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

மாமனாருக்கு ஒன்றும் ஓடவில்லை. "கெளம்பும்மா, நல்ல நேரம் போகுது" என்றார்.

அத்தை மிஷின் பிடியிலிருந்து கையை எடுக்காமல், தலையையும் நிமிர்த்தாமல் சொன்னாள்: "நான் வரலை மாமா. கையில வேலை இருக்கு."

ஆண்கள் இருக்கிற இடத்தில் அவள் வாய் திறந்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். வில்வண்டி வெறும் வண்டியாகப் போயிற்று. போன பிறகு அய்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ஆத்தா, ஒரு வெத்தலை மடிச்சுக் குடு" என்றார். அத்தை தயங்கினாள். பிறகு பெட்டியைத் திறந்து, வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்துக் கொடுத்தாள். அய்யா அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அத்தை அந்த வீட்டில் முப்பது வருசம் தைத்தாள். என் கல்யாண ரவிக்கையும் அவள் கைதான். முதல் துணியை அவளிடம் கொடுத்தால் அந்த வீட்டுக் காரியம் தடையில்லாமல் நடக்கும் என்று கீழக்குயில்குடியிலிருந்தெல்லாம் வந்தார்கள். அவள் கையை முந்தானைக்குள் ஒளித்ததை யாரும் பிறகு பார்க்கவில்லை.

இனி என் வாய்த்துடுக்கைச் சொல்கிறேன். கல்யாணமாகி நானும் ஒரு மிஷின் வாங்கினேன், அதுவும் கைமாறி வந்த பழசுதான். அதைச் சரிபார்க்க வந்தவர், ஊசியில் தட்டையான பக்கம் ஒன்று இருக்கிறது, அதைத் திருப்பி மாட்டினால் தையல் விழாது, நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பொறி தட்டியது. அட, சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்தது அதுதானா! முந்தின நாள் ஓட்டுமாவும் கடையில் வாங்கினதில்லை, பாய் வீட்டம்மாவிடம் கேட்கப் போன இடத்தில் கிடைத்தது! தான் தப்பாக மாட்டியதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, பொட்டு வைக்கிற சாக்கில் இந்த மனுஷன் திருப்பி மாட்டியிருக்கிறார்!

சும்மா இருந்தேனா? என் மூத்தவனுக்குக் காது குத்துகிற அன்று, சம்பந்தி சாதி சனமெல்லாம் கூடியிருக்கிறபோது, ஊசி என்ற பேச்சு வந்ததும் எடுத்து விட்டேன். "எங்கய்யா கையில மட்டும் ஊசியைக் குடுத்துறாதீக, திருப்பி மாட்டிப்புடுவாரு!" என்று தொடங்கி, கதை முழுவதையும் சொன்னேன். நல்லவேளை, அத்தை அந்நேரம் அடுக்களையில் இருந்தாள். பந்தியே சிரித்தது. அய்யாவும் சிரித்தார். "ஆமாமா, நமக்கு என்ன தெரியும்? காட்டான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைக் கெடுத்தாலும் 'அய்யா மாட்டுன ஊசி' என்று ஒரு சொல்லாகிவிட்டது. பேரன்கள்கூட அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சாகிறவரைக்கும் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அய்யா போய் ரொம்ப வருசம் கழித்து, கண் மங்கியதும் அத்தை தன் மிஷினை எனக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஊசியைக் கழற்றித் தான் வைத்துக்கொண்டு, புது ஊசி ஒன்றைத் தரையில் வைத்தாள். பாய் வீட்டு வழக்கத்தை நான் சொல்லி அவளுக்குத் தெரியும். நான் சிரித்துக்கொண்டே, "திருப்பி மாட்டாம இருக்கணும், அய்யா மாட்டுன ஊசி மாதிரி" என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை. "ஏ புள்ள, அந்தப் பேச்சை இன்னும் விடலையா நீ? அண்ணன் எப்ப டவுனுக்குப் போயி அந்தம்மாவைக் கேட்டாரு?"

"பூஜைக்கு முந்தின நாள். ஓட்டுமா கொண்டுவந்தாரே."

"அப்ப அன்னைக்கே அவருக்குத் தெரியும்ல? மிஷின் வீட்டுலதானே இருந்துச்சு? தப்பை மறைக்கணும்னா அன்னைக்கே யாரும் இல்லாதப்பத் திருப்பி மாட்டிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே. ஏன் மாட்டல? ஏன் பெரியம்மாவை மொதல்ல உக்கார வெச்சாரு?"

தரையிலிருந்த புது ஊசியை எடுக்கப்போன என் கை அப்படியே நின்றது.

"முந்தின நாளே மாட்டியிருந்தா மிஷின் பெரியம்மா கைக்கும் ஓடியிருக்கும். மிஷின் சரியாயிருச்சும்பாக. என் கை அப்படியேதானே இருந்திருக்கும்?" அத்தை தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு தாள் மடிப்பை எடுத்தாள். உள்ளே துருப்பிடித்த ஒரு ஊசி. "மறுநாள் துடைக்கிறப்ப ஊசி திரும்பியிருக்கிறதைப் பார்த்தேன். தேய்ஞ்சதும் கழட்டி எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"அய்யாகிட்டச் சொல்லலையா நீங்க?"

"எதுக்கு? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு அவரு சந்தோசமா இருந்தாரு. நீங்க எல்லாரும் சிரிக்கிறப்ப எனக்குத்தான் வயிறு எரியும். ஒருநாள் கேக்கப்போனேன். கையைக் காட்டி நிறுத்திட்டாரு. 'சிரிச்சுட்டுப் போகட்டும் விடு'ன்னாரு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல நானும் பேசலை, அவரும் பேசலை."

அந்த யோசனை அய்யாவுடையதா, கொடிக்கால் கதையை என் வாயால் கேட்டிருந்த பாய் வீட்டம்மாவுடையதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டு அந்தத் திரைக்கு வெளியே நின்று அவர் கேட்டிருக்கிறார், அது மட்டும் தெரியும். ஒரு ஊர் முழுக்கத் தன்னைக் காட்டான் என்று சிரிக்க விட்டுவிட்டு, தங்கச்சி கையைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைத்தவள் நான், அவர் பெற்ற மகள். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. இதை நினைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

அந்த மிஷினும் இல்லை. வீடு மாறும்போது நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து என் மகன் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டான். அதே மகன்தான் இப்போது ஊசி மாட்டினவன். நல்ல வம்சம்.

நேற்று அவன் மறுபடி அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தான். அவன் கைக்கும் அறுந்தது. "நான் சொல்லலை? இரும்புக்குத்தான் ஆகும்" என்றான். மருமகள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையை முந்தானையில் துடைத்தபடி. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் மெல்ல எழுந்து, சாமி மாடத்திலிருந்து சந்தனத்தை எடுத்துக்கொண்டு போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி மிஷின் மேல் குனிந்தேன். முட்டி வலி உயிர் போயிற்று. திருகு இறுக்கமாக இருந்தது. என் நகத்துக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு இருந்தது.

"என்னம்மா பண்ற அங்க?" என்றான் மகன்.

"பொட்டு வைக்கிறேன்டா" என்றேன். பிறகு நிமிர்ந்து மருமகளைக் கூப்பிட்டேன். "ஆத்தா, நீ வா."